ஒலுவில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம்: வாகனத் துறைக்குள்ள எந்தக் கதவால போறது?

களுவாஞ்சி_மெக்

அண்ணாமார், நானாமார் எல்லாருக்கும் வணக்கம். ஒலுவில் கம்பஸில (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருடம். வீடு களுவாஞ்சிக்குடி. முடிச்சிட்டு வாகனத் துறைக்குப் போகணும் எண்டு விருப்பம். ஆனா அங்க போய் என்ன வேலை செய்யப் போறாய் எண்டு கேட்டா எனக்கே சரியாச் சொல்லத் தெரியல்ல.

கைத்தொழில் பயிற்சிக்கு இடம் தேடுறன். கல்முனைப் பக்கம் ஹைபிரிட் வேலை செய்யிற பெரிய கராஜ் ஒண்டு எடுக்கத் தயார். வீட்டில இருந்தே பஸ்ஸில போய் வரலாம். கூட்டாளிமார் "இஞ்சினியரிங் படிச்சிட்டு கராஜ்ல போய் கிறீஸ் பூசப் போறியா, கொழும்புப் பக்கம் ஃபெக்டரி பாரு" எண்டுறாங்க.

அடுத்தது கோர்ஸ். சொலிட்வேர்க்ஸ், மட்லப், ஹைபிரிட் டிப்ளோமா எண்டு ஆளுக்கொண்டு சொல்றாங்க. எல்லாத்துக்கும் காசும் இல்ல, நேரமும் இல்ல. எதைத் தொடுறது, எதை விடுறது?

கடைசியா, மட்டக்களப்பு அம்பாறைக்குள்ளயே இருந்து இந்தத் துறையில பொறியியலாளரா இருக்க வழி இருக்கா, இல்ல வெளிய போய்த்தான் ஆகணுமா?

கையில இருக்கிறது ஒரு மல்டிமீட்டர், பழைய லெப்டொப், அப்பாட லேண்ட் மாஸ்டர் (கை ட்ராக்டர்). அவ்வளவுதான்.

பாலத்தடி

தம்பி, வாகனத் துறைக்கு ஒரு கதவு இல்ல. இலங்கையில காரை வெறுந்தாளில இருந்து வரைஞ்சு எடுக்கிற வேலை விரல் விட்டு எண்ணுற அளவுதான். சம்பளம் வாற இடங்கள் வேற.

ஒண்டு, வாகன முகவர் கம்பனிகளின்ட சேர்விஸ் பகுதி. வர்க்‌ஷொப் நடத்துறது, வொரன்டி குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது, திரும்பத் திரும்ப ஒரே பழுதில வாற வண்டிக்குக் காரணம் தேடுறது. பஸ், லொறி நிறைய வைச்சிருக்கிற நிறுவனங்களும் இந்தக் கணக்குத்தான். ரெண்டாவது உற்பத்தி. பனாகொடயில லங்கா அசோக் லேலண்ட், வெலிப்பென்னயில மஹிந்திரா பொருத்துற ஆலை, களனியில சியெட் டயர், பியகமயில வாகனங்களுக்கு சென்சரும் வயர் ஹார்னஸும் செய்யிற லங்கா ஹார்னஸ். ஃபோர்க்லிஃப்டுக்குப் போடுற காத்தில்லாத திண்ம டயருக்கு இலங்கைக்கு உலகச் சந்தையில நல்ல இடம் இருக்கு. மூண்டாவது, கொழும்பில இருந்துகொண்டு வெளிநாட்டு வாகனக் கம்பனிகளுக்கு எம்பெடட் மென்பொருள், அதாவது வண்டிக்குள்ள உள்ள சின்னக் கம்பியூட்டர்களுக்கான ப்ரோக்ராம், எழுதுறது. நாலாவது விவசாய இயந்திரம். அதை ஒருத்தரும் வாகனத் துறை எண்டு கணக்கெடுக்கிறதில்ல. ஆனா உங்கட வீட்டு வாசல்ல நிக்கிறது அதுதான்.

பயிற்சிக்கு நான் சொல்றது ஃபெக்டரி. கராஜ் எப்பவும் பக்கத்திலதான் இருக்கும். லீவில போகலாம், பின்னேரம் போகலாம். ஒரு உற்பத்தி ஆலைக்குள்ள மூணு மாசம் நிக்கிற வாய்ப்பு கம்பஸ் கடிதத்தோடதான் கிடைக்கும். பட்டம் முடிஞ்சா அந்தக் கடிதம் இல்ல. ஒரு விசயம், அங்க லைனில உள்ளவங்க பேசுறது சிங்களம். இப்ப இருந்தே ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் பேசிப் பழகுங்க. சிங்களம் தெரியாத பயிற்சிப் பொடியனுக்கு மேசையும் எக்ஸலும்தான் மிஞ்சும்.

இன்னொண்டு, இதை வாசிக்கிற ஏஎல் பிள்ளைகளுக்காக. பௌதிக விஞ்ஞானப் பிரிவில இருந்து போற நாலு வருடப் பொறியியல் பட்டமும், தொழினுட்பப் பிரிவில இருந்து போற பொறியியல் தொழினுட்பப் பட்டமும் ஒண்டில்ல. ரெண்டும் நல்லது, ஆனா 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க பொறியியல் பேரவைச் சட்டத்தின் கீழ பதிவு வேற வேற வகையில. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒண்டையொண்டு ஏத்துக்கொள்ற வொஷிங்டன் உடன்படிக்கையில இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு அங்கத்துவம் எடுத்தது. அதுக்குள்ள வாறது அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம்தான். உங்கட கம்பஸ், உங்கட பாடநெறி, உங்கட பட்ச் அந்தப் பட்டியலில எப்பிடி இருக்கு எண்டு நீங்களே பாத்து ஒரு பிரதி எடுத்து வைங்க. வெளிநாடு போகேக்க முதல் கேக்கிறது அதைத்தான். கம்பஸ் கிடைக்காதவங்க ஹார்டி உயர் தொழினுட்ப நிறுவனத்தை மறந்துடாதீங்க. அம்பாறையில இருந்துகொண்டே எச்என்டிஈ (பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா) செய்யலாம்.

வோல்ட்_இறக்கம்

பாலத்தடி அண்ணன் சொன்னதில பாதிக்கு மட்டும் நான் உடன்பாடு. கராஜ் கேவலமில்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்க. தனியார் கார் திரும்ப வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியில. இடையில அஞ்சு வருசம் கிட்ட ரோட்டில ஓடினது முழுக்க இருந்த அக்வா, ப்ரியஸ், அக்ஸியோ, வெசல்தான். அதுகளுக்கு இப்ப வயசு போயிட்டு. வேலை தேடி வரும். அந்தக் கராஜ் அளந்து பாத்து வேலை செய்யுதா, சாமானை மாத்தி மாத்திப் பாக்குதா எண்டதுதான் கேள்வி.

சேர முதல் ஒரு நாள் போய்ச் சும்மா நிண்டு பாருங்க. உயர் அழுத்த (ஹை வோல்டேஜ்) வேலைக்கு க்ளாஸ் 0 இறப்பர் க்ளவுஸ் இருக்கா? 1000 வோல்ட் ஏசி மின்சாரம் வரைக்கும் அதுதான். மேல தோல் க்ளவுஸ் போடணும். போட முதல் மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டிக் காத்தை அடைச்சு ஊசித் துவாரம் இருக்கா எண்டு பாக்கணும். அடுத்தது, ரிப்பேர் மேனுவல் பாக்கிறாங்களா, வாட்ஸ்அப்பில கேட்டு வேலை செய்யிறாங்களா? மூண்டாவது, ஜொப் கார்ட்டில அளந்த எண் எழுதுறாங்களா? "பெட்டரி வீக்" எண்டு மட்டும் எழுதியிருந்தா அங்க மூணு மாசம் நிண்டும் நீங்க படிக்கப் போறது ஸ்பானர் பிடிக்க மட்டும்தான்.

உதாரணத்துக்கு பி0ஏ80 கோட், வண்டின்ட கம்பியூட்டர் பதியிற பழுது எண். ஹைபிரிட் பெட்டரி மாத்தச் சொல்லி வாறது. எங்கட பக்கம் எல்லாரும் சொல்றது "ஒரு மொட்யூல் போயிட்டு, மாத்தினாச் சரி". கணக்கைப் பாருங்க. அக்வாவில 20 மொட்யூல், 144 வோல்ட். மூன்றாம் தலைமுறை ப்ரியஸில 28 மொட்யூல், 201.6 வோல்ட். ஒரு மொட்யூல் 7.2 வோல்ட். உள்ள 1.2 வோல்ட் செல் ஆறு தொடரா இருக்கு. ப்ரியஸில ரெண்டு மொட்யூலை ஒரு ப்ளொக்கா எடுத்து, 14 ப்ளொக்கின்ட வோல்டேஜையும் பெட்டரி ஈசியு (பெட்டரியைக் கவனிக்கிற கம்பியூட்டர்) பாத்துக்கொண்டே இருக்கும். லோட் எடுக்கேக்க ஒரு ப்ளொக் மட்டும் மத்ததுகளை விட 1.2 வோல்ட் கிட்டக் கீழ நிண்டா ஒரு செல் செத்திட்டு. கணக்கே சொல்லுது. ஆனா பக்கம் பக்கமா இருக்கிற ரெண்டு மூணு ப்ளொக் 0.2, 0.3 எண்டு இறங்கினா உடன செல்லில பழி போடாதீங்க. பின் சீட் பக்கத்தில உள்ள ஃபேன் வழியைப் பாருங்க. தூசும் நாய் மயிரும் அடைச்சு நடு மொட்யூலுகள் வெந்துகொண்டிருக்கும். பிறகு பஸ்பார், மொட்யூலுகளை இணைக்கிற செம்புத் தகடு. காத்தான்குடியில இருந்து பொத்துவில் வரைக்கும் கடல் காத்துத்தான். அது பச்சை பூத்து, வோல்டேஜ் பாக்கிற சென்ஸ் வயர் தொடுற இடத்தில தடை ஏறும். ஈசியுவுக்கு அது வோல்டேஜ் இறங்கின மாதிரித்தான் தெரியும். பெட்டரியில பிழையில்லாம கோட் வரும்.

பஸ்பாரைத் துப்புரவாக்கிப் பூட்டேக்க 5.4 நியூட்டன் மீட்டர். சின்ன டோர்க் ரென்ச் வேணும். "கை அளவு" எண்டு முறுக்கினா பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிற போல்ட்டே சுத்திப்போயிடும், அந்த மொட்யூல் குப்பைதான்.

ஒரு மொட்யூலை மட்டும் மாத்தினா ஏன் ரெண்டு மாசத்தில வண்டி திரும்பி வருது? எல்லா மொட்யூலும் தொடர் இணைப்பு, ஒரே கரண்ட் எல்லாத்துக்குள்ளாலயும் போகும். பத்து வருசப் பழசுக்கு நடுவில கொள்ளளவு வேறயான ஒண்டைப் போட்டா, சின்னது முதல்ல நிரம்பும், முதல்ல காலியாகும். ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்குறது அதுதான். அதோட மத்ததுகளும் அதே வயசு. இன்டைக்கு ஏழாவது போனா நாளைக்குப் பன்னிரண்டாவது. பிரிச்சா ஒவ்வொண்டையும் சார்ஜ் பண்ணி, ஒரே கரண்ட்டில இறக்கி, எத்தனை அம்பியர் மணித்தியாலம் வந்தது எண்டு எழுதி, கிட்டக்கிட்டக் கொள்ளளவு உள்ளதைச் சேர்க்கணும். புதுசில அது 6.5 அம்பியர் மணி. ரெண்டு நாளைக்கு மேல பிடிக்கிற வேலை. பொறுமையில்லாத கராஜ் இதைச் செய்யாது.

திறக்கிற ஒழுங்கு மனப்பாடமா இருக்கணும். வண்டின்ட ரெடியை (ஓடத் தயார் நிலையை) ஓஃப் பண்ணி, சாவியைத் தூரக் கொண்டுபோய் வைக்கணும். 12 வோல்ட் பெட்டரின்ட நெகட்டிவைக் கழட்டணும். க்ளவுஸைப் போட்டு, பெட்டரிச் சுற்றைத் துண்டிக்கிற சேர்விஸ் ப்ளக்கை இழுத்து உங்கட சட்டைப் பைக்குள்ள வைக்கணும், மேசையில இல்ல. பத்து நிமிசம் சும்மா நிக்கணும். இன்வேர்ட்டருக்குள்ள உள்ள கெப்பாசிட்டர் இறங்க அவ்வளவு நேரம் வேணும். பிறகு கேட் 3 (மீட்டரின்ட பாதுகாப்புத் தரம்), 1000 வோல்ட் மீட்டரால டெர்மினலில சைபர் வோல்ட் எண்டு கண்ணால கண்ட பிறகுதான் கை. உங்கட மல்டிமீட்டர் பின்னால கேட் எண் அச்சடிக்கலயா? அதை 12 வோல்ட்டோட வைச்சுக்கொள்ளுங்க.

களுவாஞ்சி_மெக்

அண்ணா, இவ்வளவு விரிவா ஒருத்தரும் சொல்லித் தரல்ல, நன்றி. ஏசி காஸ் அடிச்ச பிறகு ஹைபிரிட் லைட் எரியுது எண்டு அந்தக் கராஜ்ல ஒரு அக்வா நிக்குது. ஏசிக்கும் பெட்டரிக்கும் என்ன தொடர்பு?

வோல்ட்_இறக்கம்

நேரடித் தொடர்பு. அந்த வண்டியில ஏசி கொம்ப்ரசர் பெல்ட்டில ஓடுறதில்ல, உயர் அழுத்த மின்சாரத்தில ஓடுற மோட்டர் கொம்ப்ரசருக்குள்ளயே இருக்கு. மோட்டர் சுருளைச் சுத்தி நிக்கிறது கொம்ப்ரசர் ஒயில். டொயோட்டா அதுக்கு என்டி 11 எண்ட எஸ்டர் ஒயில்தான் சொல்லுது, ஏனெண்டா அதுக்கு மின்காப்பு நல்லா இருக்கு. சாதாரணக் காருக்கு அடிக்கிற பேக் ஒயிலை, அல்லது அந்த ஒயில் மிச்சம் ஒட்டின மெசினால காஸை அடிச்சா, மின்காப்பு விழுந்திடும். உயர் அழுத்தப் பக்கத்துக்கும் வண்டின்ட இரும்புப் பொடிக்கும் இடையில மின்கசிவு எண்டு பி0ஏஏ6 வரும்.

அந்தக் கோட்டோட உபகோட்டையும் பாருங்க. 611 எண்டா ஏசி பகுதி, 612 எண்டா பெட்டரிப் பகுதி. மலிவு ஸ்கேனர் பெரிய கோட்டை மட்டும் காட்டும். அதைப் பாத்து முழு பெட்டரியையும் மாத்தச் சொன்ன கதை ஊருக்கு ரெண்டு இருக்கும். 611 வந்தா கொம்ப்ரசரின்ட ஒரேஞ்ச் கேபிளைக் கழட்டி, மின்காப்புத் தடையை, கூடின வோல்டேஜ் குடுத்துப் பாக்கிற மெகர் மீட்டரால அளக்கணும். சாதா மல்டிமீட்டரின்ட ஓம் ரேஞ்ச் சின்ன வோல்டேஜில பாக்கிறதால அது நல்லா இருக்கு எண்டுதான் சொல்லும்.

கியூரிங்_பிரஸ்

உற்பத்திப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன். தம்பி போன்றவர்கள் நேர்முகத்தில் தடுக்கி விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். எஃப்எம்ஈஏ, பிபிஏபி, 8டி என்று தரக் கட்டுப்பாட்டு முறைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். ஒரு எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வாய் மூடிவிடும்.

ஒரு தண்டின் விட்டம் 10.00 மில்லிமீட்டர், கூட்டிக் குறைத்து 0.05 வரை பொறுக்கலாம். அளந்து பார்த்தால் சராசரி 10.02, நியம விலகல் 0.01. இந்த மெசின் நல்லதா? அதைச் சொல்ல சீபீ, சீபீகே என்று இரண்டு திறன் எண்கள் உண்டு; சிக்மா என்பது நியம விலகல். சீபீ என்றால் மொத்த இடைவெளி 0.10ஐ ஆறு சிக்மாவால், அதாவது 0.06ஆல் பிரிப்பது: 1.67. சீபீகே என்றால் சராசரியிலிருந்து கிட்டிய எல்லைக்கு உள்ள தூரம் 0.03ஐ மூன்று சிக்மாவால், 0.03ஆல், பிரிப்பது: 1.00. வாகன வாடிக்கையாளர் பொதுவாகக் கேட்பது குறைந்தது 1.33, முக்கியமான அளவுகளுக்கு 1.67. ஆகவே இந்த மெசின் தோற்றுவிட்டது. ஆனால் சீபீ நன்றாக இருக்கிறது, அதாவது மெசினில் ஆட்டம் இல்லை, குறி மட்டும் தள்ளி நிற்கிறது. டூல் ஒஃப்செட்டைச் சரிசெய்து விட்டத்தை 0.02 குறைத்தால் முடிந்தது. இதே எண்ணைப் பார்த்து "புது மெசின் வாங்க வேண்டும்" என்று சொல்கிறவரை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

திண்ம டயரில் வேறு மாதிரி. இறப்பர் வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. வெளிப்புறம் அச்சோடு ஒட்டி வெந்துவிடும், நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். நேரத்தை மிச்சம் பிடிக்க வெப்பநிலையை ஏற்றினால் வெளிப்பக்க இயற்கை இறப்பர் மிகையாக வெந்து பலம் குறைந்து இளகும். முன்கூட்டியே எடுத்தால் நடுவில் நுண்துளை. வெட்டிப் பார்த்தால் பழைய பாண் துண்டு மாதிரி இருக்கும். வெளியே பார்த்தால் இரண்டு டயரும் ஒன்றுதான். இந்த முரணை விளங்கிக்கொண்டவருக்கு வெப்பப் பரிமாற்றப் பாடம் வீண் போகவில்லை.

வயர் ஹார்னஸில் கிரிம்ப். டெர்மினலை நசுக்கிப் பிடிக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்ச உயரத்தில்தான் எல்லாமே. அதிகம் நசுக்கினால் செம்பு இழைகள் அறும். குறைய நசுக்கினால் இடையில் வெற்றிடம் நின்று தடை ஏறிச் சூடாகும். கூர்முனை மைக்ரோமீட்டரால் உயரம், இழுவைச் சோதனை, இடையிடையே குறுக்கே வெட்டி மெருகேற்றி நுண்நோக்கியில் இழைகள் எல்லாம் அறுகோணமாக நெருக்கி இருக்கின்றனவா என்று பார்ப்பது. இழுவைச் சோதனையில் மட்டும் நின்றால் போதும் என்று நினைப்பது பிழை. மின்காப்பைப் பிடிக்கும் சிறகும் சேர்ந்து இழுத்தால் மோசமான கிரிம்ப் கூடத் தேறிவிடும். அந்தச் சிறகைத் திறந்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

கோர்ஸ் கேட்டீர்கள். சொலிட்வேர்க்ஸ் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டாம். கம்பஸ் ஆய்வுகூடத்தில் பழகுங்கள். அதைவிட, வரைபடத்தில் உள்ள வடிவக் குறியீடுகளை வாசிக்கப் பழகுங்கள். நிலைப் பொறுதி, டேட்டம், உச்சப் பொருள் நிலை என்று மூன்றையும் ஒரு உண்மையான வரைபடத்தில் விளக்கத் தெரிந்தால், ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தர நியமம்) என்று சுயவிவரத்தில் எழுதுவதைவிட அது கனம்.

சம்மாந்துறை_வயல்

எல்லாரும் பியகம, பனாகொட எண்டு போறீங்க, அம்பாறையில பெரும்போகம் வெட்டுற நேரம் வந்து பாருங்க தம்பி. பெப்ரவரி மார்ச்சில இந்தப் பக்கம் வெட்டு மெசின் நிக்காத வயல் இல்ல. ஒரு மெசின் ஒரு நாள் நிண்டா எத்தனை ஏக்கர் காய்ஞ்சு நெல் கொட்டும் எண்டு கணக்குப் பாருங்க. அங்க ஒரு பொறியியலாளரைக் காணமாட்டீங்க. பாஸ்மார் (அனுபவத்தில பழகின மெக்கானிக்மார்) தான். அவங்க திறமைக்குக் குறைவில்ல, ஆனா ஒண்டையும் எழுதி வைக்கிறதில்ல.

மெசின் ஏன் நிக்குது? பாதிக்கு மேல சூடேறி. ரேடியேட்டர் முன்னால உள்ள வலையில உமியும் வைக்கோல் தூளும் அப்பிப் பாய் மாதிரி நிக்கும். தண்ணி அடிச்சுக் கழுவுறாங்க. நனைஞ்ச தூள் ஃபின்னுக்குள்ள களிமண் மாதிரி இறுகும். உள்பக்கத்தில இருந்து வெளிப்பக்கமா காத்தடிக்கணும், அதுவும் குறைஞ்ச அமுக்கத்தில, இல்லாட்டி ஃபின் மடங்கிப்போகும். அடுத்தது ட்ரக், அதாவது சில்லுக்குப் பதிலா ஓடுற பட்டி. வயலுக்குச் செய்த இறப்பர் ட்ரக்கைத் தாரோட்டில கிலோமீட்டர் கணக்கா ஓட்டினா லக் (பட்டியில உள்ள பல்) தேயும், திரும்பேக்க உள்ள இருக்கிற இரும்பு பிச்சுக்கொண்டு வரும். லோ பெட்டில ஏத்திக்கொண்டு போற செலவை மிச்சம் பிடிக்கப் போய் ட்ரக்குக்குக் குடுக்கிறது. பிறகு ஹைட்ரோஸ்டாட்டிக் கியரின்ட ஒயில். ஃபில்டரை மாத்தாம ஒயிலை மட்டும் நிரப்புறது. ஏத்தத்தில இழுவை இல்ல எண்டு வந்து நிப்பாங்க.

உங்கட இறுதி வருடப் ப்ரொஜெக்ட்டுக்கு ஒண்டு சொல்றன். மெசினுக்குப் பின்னால கொட்டுற நெல்லை அளங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் ஒண்டை மூங்கிலில கட்டுங்க. வெட்ட முதல் அந்த இடத்தில தானாக் கொட்டிக் கிடக்கிறதை எண்ணிக் கழிக்கணும். மெசின் போன பிறகு எண்ணுங்க. ஆயிரம் நெல் கிட்டத்தட்ட 25 கிராம் எண்டு வைச்சா, ஒரு சதுர மீட்டரில 400 மணி எண்டா 10 கிராம். ஏக்கருக்கு 4047 சதுர மீட்டர், அப்ப 40 கிலோ மண்ணுக்குள்ள. இதை நெல்லை அடிச்சுப் பிரிக்கிற ட்ரம்மின்ட வேகம், அதுக்குக் கீழ உள்ள கொன்கேவ் சல்லடையின்ட இடைவெளி, மெசின் ஓடுற வேகம் மூண்டையும் ஒவ்வொண்டா மாத்தி அளந்தா, எந்த ஈரப்பதத்துக்கு எந்த செட்டிங் எண்டு ஒரு அட்டவணை வரும். ட்ரம்மைக் கூட்டினா நெல் உடையும், குறைச்சா வைக்கோலோட போகும். நடுவில எங்க நிக்கணும் எண்டதை இந்த ஊர் நெல்லுக்கு அளந்து சொன்னா, மெசின் விக்கிற கம்பனிக்காரன் உங்களைத் தேடி வருவான். ட்ராக்டர், மெசின் கம்பனிகளுக்கு இந்தப் பக்கம் சேர்விஸ் பகுதி இருக்கு. உங்கட மூணாவது கேள்விக்கு இதுதான் என்ட பதில்.

அப்பாட லேண்ட் மாஸ்டரையும் சும்மா விடாதீங்க. இன்ஜெக்டரைக் கழட்டி ஸ்ப்ரே பாத்து, வால்வ் இடைவெளியை ஃபீலர் கேஜால அளந்து எழுதுங்க. ஒற்றைச் சிலிண்டர்தானே, பிழை விட்டாலும் தாங்கும்.

மறுகரை

வெளிய போறது பத்திச் சுருக்கமா. ஜப்பான் திறன் தொழிலாளர் விசாவில வாகனத் திருத்தல் ஒரு பிரிவு. ஜப்பானிய மொழியில என்4 அல்லது ஜேஎஃப்டி சோதனையும், தொழில் சோதனையும் வேணும். அது டெக்னீஷியன் வேலை, பொறியியலாளர் விசா வேற. ஏஜென்சி ரெண்டையும் ஒண்டாக்கிப் பேசினா எழும்பி வந்துடுங்க. ஜேர்மனியின்ட சான்சன்கார்ட், அங்க போய் வேலை தேடுறதுக்கான அனுமதி, 2024 ஜூனில வந்தது. குறைஞ்சது ஏ1 ஜேர்மன் அல்லது பி2 ஆங்கிலம் வேணும். ஆனா வாகனக் கம்பனிக்குள்ள வேலை எடுக்க ஏ1 காணாது. சவூதி எண்டா சவூதிப் பொறியியலாளர் பேரவையில பதியணும், பட்டச் சான்றிதழில என்ன பேர் இருக்கு எண்டதை எழுத்தெழுத்தாப் பாப்பாங்க. எங்க போறதெண்டாலும் கொன்சியூலர் அத்தாட்சி சுணங்கும், வேலை கிடைச்ச பிறகு ஓடாம சான்றிதழ் கைக்கு வந்த கிழமையே செய்ங்க.

பாலத்தடி

சம்மாந்துறை நானா சொன்ன ப்ரொஜெக்ட் நல்லா இருக்கு. எனக்கே தோணல்ல. தம்பி, அப்பிடி எண்டா பயிற்சி ஃபெக்டரியில, ப்ரொஜெக்ட் வயலில, லீவு நாளில கராஜ். மூண்டும் மோதாது.

சுயவிவரத்தில "ஹைபிரிட் வாகனங்களில் அனுபவம்" எண்டு எழுதாதீங்க. "ப்ரியஸ் பெட்டரி ஒன்றில் 28 மொட்யூல்களின் கொள்ளளவை அளந்து, பொருந்தாதவற்றைப் பிரித்தது" எண்டு எழுதினா நேர்முகத்தில முதல் கேள்வி அதில இருந்துதான் வரும், பதிலும் உங்கட கையில இருக்கும். பயிற்சி நாட்குறிப்பிலயும் அப்பிடித்தான். "மெசின் பார்வையிட்டேன்" எண்டு முப்பது நாள் எழுதினதை ஒருத்தரும் வாசிக்கிறதில்ல.

களுவாஞ்சி_மெக்

எல்லாருக்கும் நன்றி. பயிற்சிக்கு ஃபெக்டரி ரெண்டுக்கு விண்ணப்பம் போடுறன். நானா, சட்டம் கட்டிட்டு சிறுபோக வெட்டுக்கு உங்கட பக்கம் வாறன்.

இன்னொரு சின்னக் கேள்வி. கேன் பஸ் (காருக்குள்ள உள்ள கம்பியூட்டர்கள் தங்களுக்குள்ள பேசுற வயர் வழி) படிக்க எம்சிபி2515 சின்னப் போர்ட் ஒண்டும் ஆர்டுயினோவும் வாங்கினன். கராஜ்ல ஒரு காரின்ட ஓபிடி (பழுது பாக்க ஸ்கேனர் செருகிற) சொக்கட்டில 6ஆம் 14ஆம் பின்னில போட்டா ஒரு மெசேஜும் வருதில்ல. டாஷ்போர்டில வேற ரெண்டு லைட் எரிஞ்சிட்டு. பயத்தில கழட்டிட்டன். கழட்டின பிறகு லைட் போயிட்டு.

வோல்ட்_இறக்கம்

ரெண்டு பிழை சேர்ந்திருக்கு. அந்தப் போர்ட்டில ஒரு வெள்ளித் தகரப் பெட்டி மாதிரி க்ரிஸ்டல் இருக்கும், மேல எண்ணைப் பாருங்க. பெரும்பாலும் 8. நீங்க எடுத்த லைப்ரரி 16 மெகாஹேர்ட்ஸ் எண்டு நினைச்சுக்கொண்டு ஓடும். அப்ப 500 கிலோபிட் எண்டு நீங்க எழுதினது 250ஆ ஓடுது. வேகம் பொருந்தாத ஆள் பஸ்ஸில இருந்தா கேக்கிறதெல்லாம் பிழை எண்டு எரர் ஃப்ரேம் அடிச்சு, மத்தவங்க பேச்சையும் குழப்பும். லைட் எரிஞ்சது அதாலதான். உங்கட ப்ரோக்ராமில 8ஐக் குடுங்க, கேக்கிற முறையில மட்டும் ஓட விடுங்க. அந்த முறையில போர்ட் பஸ்ஸில ஒண்டையும் அனுப்பாது.

அடுத்தது, போர்ட்டில ரெண்டு பின்னுக்கு மேல ஒரு ஜம்பர் இருக்கும். அது 120 ஓம் டெர்மினேட்டர். காரின்ட ரெண்டு முனையிலயும் ஏற்கனவே 120, 120 இருக்கு, சமாந்தரமா 60. நீங்க மூண்டாவதைச் சேர்த்தா 40. ஜம்பரைக் கழட்டுங்க. பிறகு காரின்ட 12 வோல்ட் நெகட்டிவைக் கழட்டி வைச்சிட்டு, போர்ட் செருகியிருக்கேக்கயே 6க்கும் 14க்கும் இடையில ஓம் அளங்க. 60 கிட்ட வரணும். 120 எண்டா ஒரு பக்கம் வயர் அறுந்திருக்கு, சைபர் கிட்ட எண்டா ரெண்டு வயரும் எங்கயோ ஒட்டியிருக்கு. 40 எண்டா இன்னும் ஜம்பர் இருக்கு. 60 வந்த பிறகு லெப்டொப்பைத் திறங்க.